புல்வெட்டும் ரோபோவை மறித்த ஆள்காட்டி

போன வருடம் சித்திரை மாதம் நடந்தது இது. கோயம்புத்தூரிலிருந்து தொண்டாமுத்தூர் போகும் வழியில் ஒரு மனைப்பிரிவில் எங்கள் வீடு இருக்கிறது. சுற்றிலும் இன்னும் வீடு கட்டாத காலி மனைகள், அதைத் தாண்டித் தோப்புகள், அதற்கும் பின்னால் யானை இறங்கும் மலை. வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் புல்வெளி போட்டிருக்கிறோம். புல்வெளி என் ஆசை. அதை வெட்டுவது என் கணவரின் தலைவிதி.

அவருக்குக் கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. மோட்டார் பம்புக்கான உதிரி பாகங்கள் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் புல் வெட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடப்பார். அந்த வருடம் முதுகில் டிஸ்க் பிரச்சினை வந்துவிட்டது. குனியாதீர்கள், எதையும் தள்ளாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைகாசியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபமெல்லாம் வேண்டாம், நம் வீட்டுப் புல்வெளியிலேயே பந்தல் போட்டு நடத்தலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல், அதன் மேல் மாம்பழ நிறப் பட்டில் என் மகள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே என் கண்ணுக்குள் இருந்த காட்சி அது. ஆனால் புல்லோ கணுக்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது.

என் கணவருக்கு மெஷின் என்றால் போதும், சாப்பாடு வேண்டாம். செல்போனில் எதையெதையோ பார்த்துவிட்டு ஒரு நாள், “தானாப் புல்லு வெட்டற ரோபோ ஒண்ணு இருக்குது அம்மணி. கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்கங்கன்னு சொல்றாங்க” என்றார். சொன்ன வேகத்திலேயே வரவழைத்தும் விட்டார்.

கடையிலிருந்து ஒரு இளம்பெண் வந்து பொருத்திக் கொடுத்தார். பார்க்க ஆமை மாதிரி இருந்தது அது. புல்வெளியின் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய கம்பியைப் பதித்தார். “இந்தக் கம்பிதானுங்க இதுக்கு வேலி. இதைத் தாண்டிப் போகாதுங்க. மரம், செவுரு இருந்தா முட்டித் திரும்பிக்கும். ஆனா சின்னப் பொருள் அதுக்குத் தெரியாதுங்க. செருப்பு, பந்து, தண்ணிக் குழாய் எதையும் புல்லுல உட்றாதீங்க, வெட்டிப்போடும். மேல இருக்கற சிவப்புப் பட்டனை அமுக்கினா நின்னுக்கும். கையில தூக்கினாலும் பிளேடு நின்னுரும். ஆனா யாரும் தூக்க வேண்டாமுங்க, கை பத்திரம்.”

அவர் வேலை செய்த நேரம் முழுக்க ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் இந்தப் பறவை சாதாரணம். நீளமான மஞ்சள் கால், கறுத்த நெஞ்சு, கண்ணோரம் குங்குமம் அப்பிய மாதிரி ஒரு சிவப்பு. காலி மனைகளில் தத்தித் தத்தி நடக்கும். ஆளைப் பார்த்தால் கத்தி ஊரைக் கூட்டும். கொஞ்ச நாளாகவே நான் முன்பக்கம் வந்தாலே கத்தல். துணி காயப் போட்டால் கத்தல், தண்ணீர் திறந்து விட்டால் கத்தல். “காதே போகுது, போ அக்கட்ட” என்று துண்டை வீசி விரட்டிக்கொண்டிருந்தேன். ஆள் கிட்டே போனால் பறந்து போய் வேறு மூலையில் நின்று கத்தும். அவ்வளவுதான், அதைப் பற்றி அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோபோவை ஓட விடுவதாக முடிவு. என் கணவர் அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். எதிர் வீட்டு அக்கா கையில் பஜ்ஜியோடு கேட்டார்: “ஏனுங்க தம்பி, ராத்திரி யானை வந்துச்சுன்னா இது என்னுங்க பண்ணும்?”

“முட்டித் திரும்பிக்குமுங்கக்கா” என்றார் என் கணவர்.

“யானையா, இதுவா?”

எல்லாரும் சிரித்தோம். அவர் கைப்பேசியை அழுத்தினார். ஆமை மெல்ல நகர்ந்து புல்லுக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. போன வழியெல்லாம் புல் சீராகப் படிந்தது. கொய்யா மரத்தில் முட்டியது, ஒரு நிமிடம் யோசிப்பது போல் நின்றது, திரும்பியது. கைதட்டல். என் கணவர் ஏதோ தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்த மாதிரி நின்றார். அது நேர்கோட்டில் போகாது. மனம்போன போக்கில் இங்கும் அங்கும் போகும். அதனால் அடுத்து எங்கே போகும் என்று ஆளாளுக்குச் சொல்ல, ஒரே கலகலப்பு.

அது புல்வெளியின் நடுப்பக்கம் திரும்பியதும் ஆள்காட்டி இறங்கியது. ரோபோவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு இறக்கையையும் விரித்துக் கத்தியது. ரோபோ பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குருவி ஓரடி பின்வாங்கிற்று, மறுபடி விரித்துக்கொண்டு நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். “சண்டைக்கு வருது பாருங்க” என்று அக்கா செல்போனில் படம் பிடித்தார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஏதோ உறைத்தது. நான் துண்டை எடுத்தாலே பறந்துவிடுகிற குருவி, இது இவ்வளவு கிட்டே வந்தும் ஏன் பறக்கவில்லை? ஏன் பின்வாங்கிப் பின்வாங்கி ஒரே இடத்தில் நிற்கிறது? அதன் காலுக்குப் பின்னால் பார்த்தேன். புல் பட்டுப்போய் வழுக்கை விழுந்த ஒரு இடம். அதில் நாலு கல். நான் தினமும் பார்க்கிற கற்கள்தான். ஆனால் கல் எங்கேயாவது கூர்முனையை உள்பக்கம் வைத்து, வட்டமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்குமா?

“ஏனுங்க, நிறுத்துங்க! முட்டை இருக்குதுங்க, நிறுத்துங்க!”

அவருக்குக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. பஜ்ஜித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சிவப்புப் பட்டன் எங்கே என்று தேடக்கூடத் தோன்றவில்லை. ரோபோவை இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினேன். அது நினைத்ததை விடக் கனம். கால் தடுமாறி, அதைக் கட்டிப்பிடித்தபடியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிளேடு நின்றுவிட்டது. ரோபோ கூவென்று அபாய ஒலி எழுப்பியது. குருவி என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்தது.

என் கணவர் ஓடி வந்தார். முதுகு வலிக்காரர் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “கையைக் காட்டு, கையைக் காட்டு” என்று இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி தெளித்த நாலு முட்டைகள். ரோபோவை நான் தூக்கிய இடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

நாங்கள் எல்லாரும் விலகி வராந்தாவுக்கு வந்த பிறகு குருவி இறங்கி, ஒவ்வொரு முட்டையாக அலகால் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே உட்கார்ந்தது. எதிர் வீட்டு அக்கா தான் எடுத்த படத்தை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அது சந்தோஷமாகத்தான் முடிந்தது. சிக்கல் மறுநாள் ஆரம்பித்தது. முட்டை இருப்பது புல்வெளியில் சரியாகப் பந்தல் போட வேண்டிய இடத்தின் நடுவே.

கடைக்காரப் பெண்ணிடம் போனில் கேட்டுக்கொண்டு, என் கணவர் வழி சொல்ல, கம்பியை மாற்றிப் பதித்துப் புல்வெளியைக் குறுக்காக இரண்டாகப் பிரித்தோம். அவரைக் குனிய விடாமல் நான்தான் கம்பிக்கு ஆணி அடித்தேன். குருவி தலையில் கொத்தாமல் இருக்க அவர் குடை பிடித்தார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பாதி ரோபோவுக்கு, ஒரு பாதி குருவிக்கு. வெட்டிய பாதி பட்டு மாதிரி இருந்தது. வெட்டாத பாதி முழங்காலை எட்டியது. சவரம் செய்யும்போது பாதியில் எழுந்து போனவர் முகம் மாதிரி இருந்தது எங்கள் புல்வெளி.

பந்தல்காரர் அளவெடுக்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கென்னுங்க! நாலையும் ஒரு தட்டத்துல எடுத்து அக்கட்டால காலி எடத்துல வெச்சுப்போடறேன். குருவி பொறவாலயே வந்துக்கும்” என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு மனசு சாய்ந்தது. அழைத்தவர்களிடமெல்லாம் புல்வெளியில் நிச்சயம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். “இடம் மாத்தினா தன் முட்டைன்னே அதுக்குத் தெரியாதும்மா. எனக்கு வாசப்படியில நிச்சயம் பண்ணினாலும் சரிதான். ஆனா நீங்க ஆசைப்பட்டீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க” என்று சொல்லி என் தலையிலேயே கட்டிவிட்டாள்.

என் கணவர் அந்த நாட்களில் பட்டறைக்குத் தாமதமாகத்தான் போனார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குருவியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கொதிக்கிற மத்தியானத்தில் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். குருவி எழுந்து குழாயடிச் சேற்றுக்குப் போனது. குளிக்கிற மாதிரி நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் அமுக்கி நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டை மேல் உட்கார்ந்தது. “சூடு ஏறாம கூலிங் பண்ணுது அம்மணி! யாரு சொல்லிக் கொடுத்தாங்க இதுக்கு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மத்தியானமானால் குழாயைச் சொட்டு விடும்படி திறந்து வைப்பது அவர் வேலையாயிற்று.

அன்று சாயங்காலம் நான் பந்தல்காரர் சொன்னதை மெல்ல எடுத்தேன். “சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் வருவாங்க. பாதிக் காடாக் கிடக்குதே, என்ன நினைப்பாங்க? எடுத்து வெச்சுப்போடலாமுங்களா?”

அவர் கோபப்படவில்லை. “அன்னிக்கு ஓடிப்போயி மெஷினோட உழுந்தது நீ. அத்தனை பேர்ல உன்ற கண்ணுக்குத்தான் பட்டுது. காப்பாத்திப்போட்டு இப்ப நம்ம கையாலயே வெளிய வெக்கறதா?” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் பயம் மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அன்னூர்ப் பக்கம் பெரிய விவசாயக் குடும்பம். சம்பந்தியம்மா அதிகம் பேச மாட்டார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னிடம் நாலு வார்த்தைதான். அவர் இடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று சமையலறையில் நின்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன்.

காரை விட்டு இறங்கியவர் புல்வெளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் புதர். ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோய், நடந்ததை உளறிக் கொட்டினேன். அவர், குருவியின் பக்கம் யாரும் போகாமல் இருக்க நாங்கள் கட்டியிருந்த கயிறு வரைக்கும் போனார். பட்டுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குருவி கத்து கத்தென்று கத்தியது. சித்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு திரும்பி, “ஏனுங்க, பின்னால தென்னை மரத்தடியில எடம் இருக்குதுங்களா?” என்றார்.

“இருக்குதுங்க. ஆனா அங்க புல்லு இல்லீங்க, வெறும் மண்ணுதான்.”

“மண்ணா இருந்தா என்னுங்க? பந்தலை நவுத்தலாம். அதை நவுத்த முடியாதுங்கல்ல.”

சொல்லிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “டிராக்டர் ஓட்டறப்ப எங்க தோட்டத்துல எத்தனை போச்சோ, யாரு கண்டா? நீங்க பார்த்திருக்கறீங்க. என்ற பையன் நல்ல ஊட்டுலதான் பொண்ணு எடுக்கறான்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்கக் காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். அவரும் பின்னாலேயே வந்து, என் வீட்டு டப்பாவை அவரே திறந்து சர்க்கரை எடுத்துப் போட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஆள் விட்டுத் தேங்காயெல்லாம் இறக்கினோம். தென்னை மரங்களுக்கு நடுவே பந்தல். மாம்பழ நிறப் பட்டில் மகள் நின்றபோது, கீற்று வழியாக விழுந்த வெயில் அவள் மேல் ஆடிக்கொண்டிருந்தது. நான் கற்பனை செய்திருந்தால்கூட அவ்வளவு அழகாகச் செய்திருக்க மாட்டேன். தட்டு மாற்றுகிற நேரம், எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, முன்பக்கத்திலிருந்து ஆள்காட்டியின் கத்தல் கணீரென்று வந்தது. யாரோ கயிற்றுப் பக்கம் போயிருக்க வேண்டும். எனக்குத் திக்கென்றது. சம்பந்தியம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “அதுக்கும் சம்மதமாமுங்க” என்றார். பந்தலே சிரித்தது.

சாப்பிட்டு முடித்தவர்கள் எல்லாம் வரிசையாக வராந்தாவுக்கு வந்து குருவியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணவர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனார். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் ரோபோவை ஓட்டிக் காட்டச் சொல்லி, அது தன் பாதியில் முட்டித் திரும்புவதையும், குருவி தன் பாதியில் உட்கார்ந்து அதை முறைப்பதையும் மாறி மாறிப் பார்த்தபடி இடத்தை விட்டு எழவே மாட்டேன் என்றார்.

விசேஷம் முடிந்து சில நாளில் ஒரு காலை, என் கணவர் ரகசியக் குரலில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் முட்டைகள் இல்லை. குருவியின் நெஞ்சுக்கு அடியில் பஞ்சு உருண்டை மாதிரி ஏதோ அசைந்தது. பிறகு இரண்டாய், மூன்றாய், நாலும் வெளியே வந்தன. இத்தனூண்டு உடம்புக்கு எவ்வளவு நீளக் கால்! ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை, அதற்குள் எழுந்து நின்று, விழுந்து, மறுபடி நின்றன. அத்தனை நாளும் கத்தலைத் தவிர வேறு எதுவும் நாங்கள் கேட்டிராத அந்தக் குருவியிடமிருந்து மெத்தென்று ஒரு சின்னக் குரல் வந்தது. குஞ்சுகள் அந்தக் குரலுக்குப் பின்னால் நடந்தன.

மறுநாள் அவை கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கே வந்துவிட்டன. எதிர்ப்பக்கத்துக் காலி மனைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. என் கணவர் லுங்கியோடு ஓடிப்போய், நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பால் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் எதிர் வீட்டு அக்காவின் ஸ்கூட்டர் நின்றது.

“என்னாச்சுங்க?” என்று பால்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஒறம்பரை போறாங்க. சித்த இருங்க” என்றார் இவர்.

தாய் முன்னால், குஞ்சுகள் பின்னால், மேலே இன்னொரு ஆள்காட்டி, தகப்பனாக இருக்க வேண்டும், சுற்றிச் சுற்றிக் காவல். அந்தக் கடைசிக் குஞ்சு நடுவழியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அது எழுந்து, ஓடிப்போய்ப் புல்லுக்குள் மறைந்த பிறகுதான் பால்காரர் வண்டியைக் கிளப்பினார். நானும் என் கணவரும் தெருவிலேயே நின்று, சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம்.

ரோபோவை நாங்கள் வைத்துக்கொண்டோம். சம்பந்தியம்மா இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்து அரை மணி நேரம் பேசுகிறார். நான் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். தினமும் யாராவது வந்து மேசையைத் தட்டிக் கத்துவார்கள். முன்பெல்லாம் எனக்கும் பதிலுக்குக் கோபம் வரும். இப்போது, விலகிப் போகச் சொல்லியும் போகாமல் ஒருவர் ஒரே இடத்தில் நின்று கத்தினால், அவர் எதைக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.